வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

போர்ட் பிரீ
10 அக்டோபர் 2022

டேய் கோரி,

ஃபிரிமேண்டில் போய் முட்டி மாத்தியாச்சா? உள்ள இரும்பு வைப்பாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நம்ம ஈய உலையிலயே ஒண்ணு வார்த்துக் குடுத்திருப்பேன். கொஞ்சம் கனமா இருக்கும். நீ கிளப்பை விட்டு அவ்வளவு வேகமா எந்திரிச்சு ஓடியிருக்க மாட்ட.

மூணு தடவை போன் அடிச்சேன். மூணு தடவையும் உன் பொண்ணு லுசியாதான் எடுத்தா. “அப்பா தூங்குறாரு அங்கிள்”ங்கறா. பகல் பதினோரு மணிக்கு என்னடா தூக்கம்? பின்னாடி நீ இருமுறது கேக்குது. இருபத்தாறு வருசம் உலையில உன் பக்கத்துல நின்னு அந்த இருமலைக் கேட்டவன் நான். சரி, பேசாதே. படி. ஏழாங்கிளாஸோட படிப்பை விட்டவன் எழுத்து, கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்.

புறாப் பந்தயம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் அவங்கவங்க நேரப்பெட்டியைக் கிளப்புக்குக் கொண்டாந்தீங்க. வெளிய டக் சாசேஜ் வாட்டிக்கிட்டிருந்தான், கிளப்புத் தலைவர்னு பேரு, அந்த வேலையாவது ஒழுங்கா செய்யுறான். எல்லாக் கூட்டமும் அங்கதான். உள்ள நானும் கம்பூட்டரும். ஒவ்வொரு பெட்டியா சொருகி, யார் புறா எத்தனை மணிக்கு வந்து கூட்டு வாசல் தட்டை மிதிச்சுதுன்னு உள்ள இழுத்தேன். உன் பெட்டியைச் சொருகினப்போ நீயும் பக்கத்துல நின்ன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருந்து ஆயிரத்து நூறு கிலோமீட்டர். உன் புறா நினெத்தா முதல். என் சாம்பல் ஆண் ரெண்டாவது. நீ கத்தப் போன. நான்தான் உன் வாயைப் பொத்தினேன். ரிசல்ட்டைப் புதன்கிழமை கூட்டத்துல செயலாளர் நான் வாசிக்கிற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது, அதானே நம்ம வழக்கம். அப்புறம் சீசன் முடிஞ்சுதுன்னு பெட்டிங்களை எல்லாம் துடைச்சுக் காலி பண்ணி அலமாரியில வச்சேன். வருசா வருசம் செய்யுறதுதான்.

திங்கக்கிழமை லீவு. பேப்பர்ல அடிச்சு வைக்கலாம்னு போனேன். கம்பூட்டர் புதுசா அப்டேட் வந்திருக்கு, போடட்டுமான்னு கேட்டுச்சு. போடுன்னேன். அணைஞ்சு எந்திரிச்சா கறுப்புத் திரை. மூலையில ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடிக்குது. எனக்குப் பயமே இல்ல. அதுக்குத்தான் ஸ்னாப்ஷாட் வச்சிருக்கேனே! வெள்ளிக்கிழமை தோறும் கம்பூட்டர் எப்படி இருக்கோ அப்படியே புடிச்சு வச்சுக்கும். கெட்டுப் போனா நல்லா இருந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டு போயிடலாம். வெள்ளிக்கிழமைக்குத் திருப்பினேன். ரெண்டு நிமிசம். திரை பளிச்சுன்னு வந்துச்சு. நானே எனக்குக் கை தட்டிக்கிட்டேன்.

புதன்கிழமை எல்லாரும் உக்காந்திருக்க, வாசிக்கத் தொறந்தா ஆலிஸ் பந்தயத்தைக் காணோம். அந்தக் கம்பூட்டரைப் பொறுத்தவரைக்கும் இன்னும் வெள்ளிக்கிழமை. புறாங்க லாரியிலயே ஏறல.

அப்பத்தான் அது வாயில வந்துச்சு. “கோரி, உன் புறா திரும்ப ஆலிசுக்கே போயிடுச்சுடா.” எல்லாரும் சிரிச்சாங்க. நீ நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்ச.

கையும் தப்பு பண்ணுச்சு, வாயும் தப்பு பண்ணுச்சு. ரெண்டுக்கும் சேர்த்துத் திட்டு. திட்டறதுக்காவது போனை எடு.

அல்ஃப்


ஃபிரிமேண்டில்
17 அக்டோபர் 2022

திரு. அல்ஃப் ட்ரெம்பத் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி என்னை ‘டேய்’ என்று அழைக்க வேண்டாம்.

நான் நாற்பத்தோரு வருடமாகப் புறா பறக்கவிடுகிறேன். நாற்பத்தோரு ஆலிஸ் பந்தயம். கிளப்புச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் பலகையில், ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே, தங்க எழுத்தில் ஜெயித்தவன் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர் பதினோரு இடத்தில். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் இத்தனை வருடமும் உங்கள் வேடிக்கைக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரித்தேன்.

நினெத்தா இரண்டாம் நாள் காலையில் வந்தாள். இடது இறக்கையில் மூன்று இறகு இல்லை. மார்பில் பருந்து கிழித்த கோடு. கூரையில் இறங்கிக் கொஞ்ச நேரம் தள்ளாடினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தானாக நடந்து வந்து தட்டை மிதித்தாள். பெட்டி ‘கீங்’ என்றது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த நாற்பத்தோரு வருடம்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மார்ச் மாதம் வரை நம்மிடம் ஒரு பெரிய ஏடு இருந்தது. வந்த நேரத்தைப் பென்சிலால் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். “இன்னும் பென்சிலை நக்கிக்கிட்டு இருக்கீங்களா” என்று கேட்டு அதை நிறுத்தச் சொன்னது யார்? நூலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, அதில் இனாமாகக் கிடைக்கும் இயங்குதளத்தைப் போட்டு, பெருமையாகக் காட்டியது யார்? அதன் திரையில் பென்குயின் படம். பறக்கத் தெரியாத பறவையை நம்பிப் புறாப் பந்தயத்தை ஒப்படைத்தோம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். பெட்டிகளைத் துடைத்தவர் நீங்கள். திரையைப் பார்த்தவர் நீங்கள். கடவுச்சொல் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கம்ப்யூட்டரை வெள்ளிக்கிழமைக்குத் திருப்பியவரும் நீங்கள். இரண்டாவது வந்தது உங்கள் புறா. பந்தயமே இல்லை என்றானால் உங்களுக்கும் வெற்றி இல்லைதான். பதினொன்று வைத்திருப்பவருக்குப் பன்னிரண்டாவது எதற்கு? எனக்கு ஒன்று வராமல் இருந்தால் போதாதா?

நான் இதை நம்ப விரும்பவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை, பந்தயத்தைக் காணோம் என்று தெரிந்த அதே நொடியில் உங்களுக்கு வேடிக்கை வந்தது. யோசித்து வைத்திராத வேடிக்கை அவ்வளவு சீக்கிரம் வருமா?

கொராடோ மினெர்வினி


போர்ட் பிரீ
24 அக்டோபர் 2022

மகாராஜா மினெர்வினி அவர்களின் திருப்பாதங்களுக்கு,

கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல படிச்சவன் எழுத்துன்னா எழுத்துதான். ஒரு தடவை கூட ‘திருடன்’னு எழுதாமலே என்னைத் திருடன்னு சொல்லிட்ட.

எனக்கு வேடிக்கை யோசிச்சு வராதுடா. அம்மாவைப் புதைக்கிற அன்னிக்கே பாதிரியார் தொப்பியைப் பாத்து ஒண்ணு வந்துச்சு. நீ பக்கத்துலதான நின்ன, சிரிப்பை அடக்க முடியாம கைக்குட்டையைக் கடிச்சுக்கிட்டு. அப்போ யோசிச்சு வச்சிருந்தேனா?

என்ன தப்பு பண்ணேன்னு இப்பத்தான் கண்டுபுடிச்சேன். கேட்டுக்க. கம்பூட்டருக்குள்ள ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு அதோட குடல், ஈரல், அது ஓடுறதுக்கு வேண்டியது. இன்னொண்ணு நாம எழுதி வைக்கிறது. அதுக்கு ‘ஹோம்’னு பேரு. ஸ்னாப்ஷாட்டை முதல்ல ஏற்பாடு பண்றப்போ கேக்கும், குடலை மட்டும் புடிச்சு வைக்கட்டுமா, ஹோமையும் சேக்கட்டுமான்னு. சேக்காம விடுறதுதான் சரியாம். அப்படி விட்டிருந்தா குடல் மட்டும் வெள்ளிக்கிழமைக்குப் போயிருக்கும், பந்தயக் கணக்கு இருந்த இடத்துலயே இருந்திருக்கும். நான் என்ன பண்ணேன்? எல்லாக் கட்டத்துலயும் டிக்கு போட்டேன். மூணு டிக்கு இருந்தா ரெண்டு டிக்கை விட பத்திரம்னு நினைச்சேன். புறாக் கூண்டுக்கு நாலு தாழ்ப்பாள் போடுறவன் நான், உனக்குத் தெரியும். அதனால குடலோட சேர்த்து உன் பந்தயத்தையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிட்டேன்.

இதுல எங்கடா சதி? இது முட்டாத்தனம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன், பலகையில வேணும்னா தங்க எழுத்துல போடு.

ஏட்டை நிறுத்தினது நான்தான். சரி. ஆனா அன்னிக்குக் கை தூக்கினவங்க எத்தனை பேரு? உன் கையும் மேலதான் இருந்துச்சு. ஒண்ணு சொல்றேன். நாப்பத்தோரு வருசம் ஜெயிக்காதவனுக்கு ஒரே நாள்ல இவ்வளவு கொழுப்பு ஏறும்னு தெரிஞ்சிருந்தா நினெத்தாவைப் புடிச்சுக் கறி வச்சிருப்பேன்.

கடைசி வரி வேடிக்கை. முந்தின வரி எதுவும் வேடிக்கை இல்ல. என்னைத் திருடன்னு நினைக்கிறவன் காயிதத்தை இனிமே நான் பிரிக்க மாட்டேன். எழுதி ஸ்டாம்பை வீணாக்காதே.

ட்ரெம்பத்


ஃபிரிமேண்டில்
28 அக்டோபர் 2022

அல்ஃப்,

அவசரம். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

லுசியாவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் மரியன் என்ற அம்மா நேற்று வீட்டுக்கு வந்தார். உன் கடிதத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி இருந்ததைப் படித்துக் காட்டினேன். கறி வைப்பதைப் படிக்கவில்லை. அவர் சொன்னார்: பழைய நாளுக்குத் திருப்புவதற்கு முன்னால், அந்த நேரத்தில் இருந்த நிலையையும் அது தானாகவே ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து ஓரமாக வைத்திருக்கும். மனம் மாறினால் திரும்பி வருவதற்காக. அப்படியென்றால் திங்கட்கிழமை இருந்தது அனைத்தும் உள்ளேயே கிடக்கிறது. அதில் நம் பந்தயமும் இருக்கிறது!

ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திற. மூன்றாம் தேதி போட்ட ஒன்று இருக்கும். அதற்குத் திரும்பிப் போக வேண்டாம், போனால் கறுப்புத் திரைதான் வரும். அதைத் திறந்து பார்த்து, ஹோமுக்குள் இருக்கும் பந்தயக் கோப்பை மட்டும் வெளியே நகல் எடு. அவ்வளவுதான். அதுவரை எதையும் தொடாதே. எதையும் அழிக்காதே.

உனக்கு நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. டக் தன் வண்டியோடு வடக்கே போயிருக்கிறான், அவன் இருக்கும் இடத்தில் போன் கிடைக்காது. கிளப்புச் சாவியும் கடவுச்சொல்லும் உன்னிடம்தான். நவம்பர் 23 கூட்டத்தில் பலகைக்குப் பெயரை முடிவு செய்துவிடுவார்கள்.

நினெத்தா வந்த நேரம் காலை ஒன்பது மணி பதினாலு நிமிடம் முப்பத்தேழு நொடி. பார்த்தவுடன் உனக்கும் ஞாபகம் வரும்.

போன கடிதத்தில் எழுதியதில் சிலவற்றை எழுதாமல் இருந்திருக்கலாம். அதைப் பிறகு பேசுவோம்.

கோரி


போர்ட் பிரீ
9 நவம்பர் 2022

கோரி,

உன் காயிதம் ரெண்டாந்தேதியே வந்துடுச்சு. நான் பிரிக்கல. பிரிக்க மாட்டேன்னு எழுதினேன் இல்ல, எழுதினபடி நடந்துக்கிட்டேன். ஃபிரிட்ஜ் மேல போட்டு அதுமேல ரொட்டிப் பையை வச்சேன். ஒவ்வொரு தடவை ரொட்டி எடுக்குறப்பவும் உன் கையெழுத்து தெரியும். “கிடடா அங்கயே”ன்னு சொல்லிட்டு டீ குடிப்பேன்.

நேத்துதான் பிரிச்சேன்.

நடுவுல அஞ்சாந்தேதி சனிக்கிழமை கிளப்புக்குப் போனேன். நீ எழுதின ‘எண்ணிப் பாருங்கள்’ மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருந்துச்சு. இனி ஒருத்தனும் அந்தக் கம்பூட்டரைக் காட்டி என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு எல்லாத்தையும் சரியா மாத்த உக்காந்தேன். ஹோம் டிக்கை எடுத்தேன். ஸ்னாப்ஷாட்டு குடலுக்கு மட்டும். பந்தயக் கணக்குக்குத் தனியா ஒரு பென் டிரைவ், அது என் வீட்டுல. அப்டேட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட்டு எடுக்கணும்னு அட்டையில எழுதி ஒட்டினேன். அழகா இருந்துச்சு, கோரி. முதல் நாளே இப்படிச் செஞ்சிருக்கணும்.

அப்புறம் பாத்தா டிஸ்க்கு நிரம்பியிருக்குன்னு சிவப்பு எழுத்து. பழசை எல்லாம் அழிச்சு இடம் பண்ணலாம்னு பட்டியலைத் தொறந்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை. ஒண்ணு மட்டும் திங்கக்கிழமை, மூணாந்தேதி. பக்கத்துல ‘மீட்புக்கு முன்’னு கம்பூட்டரே எழுதி வச்சிருந்துச்சு. திங்கக்கிழமைன்னா கறுப்புத் திரை வந்த நாளாச்சே, கெட்டுப் போனதை எதுக்கு வச்சுக்கணும்னு முதல்ல அதைத்தான் அழிச்சேன்.

நிஜமா அழிக்கட்டுமான்னு ஒரு தடவை கேட்டுச்சு. ஆமான்னேன்.

நேத்துக் காயிதத்தைப் பிரிச்சுப் படிச்சதும் சட்டை கூடப் போடாம கிளப்புக்கு ஓடினேன். கம்பூட்டரைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நூலகத்துக்குப் போனேன். அங்க கம்பூட்டர் பாக்குற அம்மா ஒரு மணி நேரம் பாத்தாங்க. “அழிஞ்ச இடத்தை அது அன்னிக்கே துடைச்சிடுச்சு, ஒண்ணும் மிச்சம் இல்ல”ன்னாங்க. அப்புறம் “உங்களுக்கு ஒரு சட்டை வேணுமா”ன்னாங்க.

முதல் தடவை போனதுக்கு நீ சந்தேகப்பட்டப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. இப்ப ரெண்டாந்தடவை. வேற எவனாவது இந்தக் கதையைச் சொன்னா நானே அவனை நம்ப மாட்டேன்.

ஒரு வழி இருக்கு. உன் புறாவோட கால் வளைய நம்பர் தெரியும், நேரம் நீ எழுதியிருக்க. என் நேரமும் மத்தவங்க நேரமும் கேட்டு வாங்கிப் போட்டு நானே ஒரு பந்தயக் கணக்குச் செஞ்சிடறேன். தேதியைப் பழசா மாத்தத் தெரியும். திங்கக்கிழமை ஸ்னாப்ஷாட்டுல இருந்து கிடைச்சுதுன்னு சொல்லிடலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. சரின்னு ஒரு வார்த்தை எழுது.

அல்ஃப்


ஃபிரிமேண்டில்
15 நவம்பர் 2022

அல்ஃப்,

ஆறு நாள். ரொட்டிப் பைக்கு அடியில் ஆறு நாள்.

நீ செய்யும் கணக்கு எனக்கு வேண்டாம். நாற்பத்தோரு வருடம் காத்திருந்தது திருட்டுக் கணக்கில் பெயர் வாங்கவா? அவள் பருந்திடம் தப்பித்துக் காற்றுக்கு எதிராகப் பறந்து வந்தாள். அதை நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நகலெடுப்பாயா? ஒரு பொய் எழுத்துகூட வேண்டாம். எழுதினால் நானே டக்கிடம் சொல்லிவிடுவேன்.

விதிப் புத்தகத்தை லுசியா தேடி எடுத்தாள். பதினாலாவது விதி: நேரப்பெட்டியோ பதிவோ அழிந்துபோனால், பந்தயச் செயலாளர் தன் கண்ணால் பார்த்த நேரத்தை நொடி உட்படச் சொல்லிக் கையெழுத்திட்டால் அதைப் பதிவாக ஏற்கலாம். நீதான் செயலாளர். நீதான் பார்த்தாய். அன்று என் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த எண்ணை வாய்விட்டு இரண்டு முறை வாசித்தாய்.

23ஆம் தேதி எழுந்து நில். பார்த்ததைச் சொல். வேடிக்கை பேசாதே. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

என்னால் இன்னும் ஒரு மாதம் நடக்க முடியாது. இல்லாவிட்டால் உன்னை நம்பி இருக்க மாட்டேன்.

கோரி


போர்ட் பிரீ
24 நவம்பர் 2022

கோரி,

நேத்துக் கூட்டம். ஒரு வார்த்தை விடாம எழுதுறேன்.

கோட்டு போட்டுக்கிட்டுப் போனேன். வாசல்லயே நம்ம கிளப்பு ஐலீன், “யாரு செத்தா அல்ஃப்?”னா. நேரா உள்ள போய் உக்காந்தேன். அவளுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

டக் கேட்டான், “இந்த வருசம் ஆலிசுக்கு யார் பேரு?”ன்னு. எந்திரிச்சு நின்னேன். “கொராடோ மினெர்வினி. அவனோட நினெத்தா முதல். என் புறா ரெண்டாவது. என் கண்ணால பாத்தேன். பதினாலாவது விதிப்படி கையெழுத்துப் போடுறேன்”ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க, கோரி. வேணும்னு இல்ல. நான் எந்திரிச்சா சிரிக்கணும்னு பழகிட்டாங்க. பின்னாடி எவனோ, “அடுத்து என்ன, பலகையில பென்குயின் பேரா?”ங்கறான். டக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, “சரி சரி, விசயத்தைச் சொல்லு”ங்கறான்.

“இதுதான்டா விசயம்”னு கத்தினேன். கத்தினதுக்கும் சிரிச்சாங்க.

நான் உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே இருந்தேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. அப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னேன். டிக்கு, கறுப்புத் திரை, ரொட்டிப் பை, சனிக்கிழமை அழிச்சது, எல்லாம். அப்பத்தான் டக் மூஞ்சி மாறுச்சு.

“உன் புறா ரெண்டாவதுன்னு நீயே சொல்றே. உனக்கு இதுல லாபம் ஒண்ணும் இல்ல. அப்போ நம்பலாம்”னான். பேனாவைக் கையில எடுத்தான். “நேரம் சொல்லு.”

“ஒம்போது பதினாலு, முப்பத்தேழு நொடி.”

எழுதிக்கிட்டான். ஐலீன் விதிப் புத்தகத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா, “அல்ஃப், இந்த முப்பத்தேழு நீ திரையில பாத்தது ஞாபகம் இருக்கா?”

நான் சொன்னேன், “ஒம்போது பதினாலு ஞாபகம் இருக்கு. நொடி ஞாபகம் இல்ல. நொடி கோரி காயிதத்துல எழுதினது.”

டக் பேனாவைக் கீழ வச்சான். “அப்போ அது உன் சாட்சி இல்லையே அல்ஃப். கோரி சொல்றதை நீ திருப்பிச் சொல்றே.”

“முதல்ல வந்தது அவன் புறாதான்டா!”

“வந்திருக்கும். ஆனா விதியில நொடின்னு இருக்கு. உனக்கும் அவனுக்கும் கூடு ரெண்டு தெரு தள்ளி. தூரத்தையும் வேகத்தையும் போட்டுப் பாத்தா நொடியிலதான் இருக்கு யார் ஜெயிச்சாங்கறது.”

கை தூக்கச் சொன்னான். ஏழு பேர் பந்தயம் செல்லாதுன்னாங்க. உனக்காக ரெண்டு கை. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு ஐலீன், கேள்வி கேட்டதுக்காக அழுதுக்கிட்டே தூக்கினா.

பொய் ஒண்ணும் பேசல. வேடிக்கையும் பேசல. நீ கேட்ட மாதிரியே செஞ்சேன்.

அல்ஃப்


ஃபிரிமேண்டில்
1 டிசம்பர் 2022

அல்ஃப்,

உன் கடிதத்தை லுசியாதான் படித்துக் காட்டினாள். ஐலீன் கேட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மேலே படி என்றேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது நம்புகிறேன். முதல் தடவையும் இல்லை, இரண்டாவது தடவையும் இல்லை. அப்படி எல்லோர் முன்னாலும் நின்று சிரிப்பு வாங்கியவன் சதி செய்திருக்க மாட்டான். அக்டோபரில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அல்ஃப், “ஆமாம், ஞாபகம் இருக்கு” என்று சொல்லியிருந்தால் போதும். மூன்றே வார்த்தை. அந்த எண் பொய் இல்லை. அது திரையில் இருந்தது, நீ வாய்விட்டு வாசித்தாய், உனக்கு மறந்துபோனது, அவ்வளவுதான். பொய் எழுத்து வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். தெரியும். நான் ஆயிரம் எழுதுவேன். நீ எப்போது நான் சொன்னதைக் கேட்டாய்? உன் மனைவியிடம், வரி அலுவலகத்தில், பாதிரியாரிடம், உலை மேஸ்திரியிடம், வாழ்நாளெல்லாம் முகம் மாறாமல் கதை விட்டவன் நீ. எனக்காக அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லையா?

என் புறாக்களை ஐலீனுக்குக் கொடுத்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்வாள். அவளுக்குக் கூண்டைத் திறந்துவிடு. நான் திரும்பி வரப்போவதில்லை, லுசியா பின்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

கோரி


போர்ட் பிரீ
9 டிசம்பர் 2022

கோரி,

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னு மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். மூணுலயும் வேடிக்கை வந்துடுச்சு. இது நாலாவது.

அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சுடா. ஐலீன் கேட்டதும், ‘ஆமா’ன்னு நாக்கு நுனியில நின்னுச்சு. உன் பதினஞ்சாந்தேதிக் காயிதம் கோட்டுப் பையில இருந்துச்சு, நிஜம்தான். ஆனா அதுக்காக நான் நிறுத்தல. நீ சொல்றதை நான் எப்பவும் கேட்டதில்லைன்னு நீயே எழுதியிருக்க.

அந்தக் கூட்டம் வரைக்கும் ஏழு வாரமா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ரொட்டிக் கடையில, சர்ச்சு வாசல்ல. “அல்ஃப் வேணும்னே பண்ணியிருப்பானோ”ன்னு. நீ அங்க இருந்து எழுதின எழுத்துலயும் அதுதான். அன்னிக்கு எல்லாரும் சிரிப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்களே, எழுபத்தாறு வயசுல முதல் தடவையா என்னை நம்பினாங்க. அந்த நிமிசம் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதுல ஒரு சின்னப் பொய் கூட கலக்கக் கூடாதுன்னு தோணிச்சு. இவன் நொடி வரைக்கும் உண்மை பேசுறான்னு டக் நினைக்கணும். நீ நினைக்கணும். அதுக்காகத்தான் ‘ஞாபகம் இல்ல’ன்னேன்.

நீயும் இப்ப நம்புறே. நான் ஆசைப்பட்டது கிடைச்சுடுச்சு. உன் பேரைக் குடுத்து என் பேரைச் சுத்தம் பண்ணிக்கிட்டேன். சொல்லி முடிச்சப்போ எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, கோரி. டக் பேனாவைக் கீழ வைக்கிற வரைக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இதைத்தான் மூணு தடவையும் எழுத முடியல.

ஐலீன் செவ்வாக்கிழமை வந்து புறாங்களை எடுத்துக்கிட்டுப் போனா. நினெத்தாவுக்கு இறகு திரும்ப முளைச்சிருக்கு. செயலாளர் வேலையை விட்டுட்டேன். சாவி, கடவுச்சொல், பென் டிரைவ் எல்லாம் டக் கிட்ட.

பேர் எழுதுற பெயின்டர் நேத்து வந்தாரு. 2022க்கு எதிர்ல ‘பந்தயம் இல்லை’ன்னு தங்க எழுத்துல எழுதினாரு. நல்ல கையெழுத்து. ஏணி ஆடுச்சு. வேற யாரும் இல்ல, நான்தான் புடிச்சுக்கிட்டேன்.

அல்ஃப்